சுவாவேயில் ஒரு துண்டுக் காணி

மத்தேயோ எதற்காக வருகிறான் என்பது அவன் விமானம் ஏறுவதற்கு முன்பே கஜந்திக்குத் தெரியும். "நேரில் கதைக்கவேண்டும்" என்று மட்டும்தான் செய்தி அனுப்பியிருந்தான். யூலை மாதத்தில், காய் பிடித்து நிற்கும் கொடிகளை விட்டுவிட்டு, ஒரு திராட்சைத் தோட்டக்காரன் வெரோனாவிலிருந்து திருகோணமலைக்குச் சும்மா வரமாட்டான். அவனுக்குத் தேவை அவளுடைய கையெழுத்து.

"குடுக்கப்போறீரோ?" என்று கேட்டான் அவள் கணவன் சிவரூபன். வள்ளத்து இயந்திரம் ஒன்றைக் கழற்றி முற்றத்தில் பரப்பிவைத்துவிட்டு, எண்ணெய்க் கையோடு குசினி வாசலில் நின்றான்.

"முதல் வரட்டும். வந்து சாப்பிடட்டும்" என்றாள் கஜந்தி.

அவளுக்கு இத்தாலியில் ஒரு துண்டுக் காணி இருந்தது. வெரோனாவுக்குக் கிழக்கே சுவாவே என்று ஓர் ஊர். வெள்ளை வைனுக்குப் பெயர்போன குன்றுகள் அங்கே. மேலே பழைய கோட்டை, கீழே ஊர், மற்றப்பக்கம் எல்லாம் பந்தல். புடலைக்குப் போடுவதுபோலவே அங்கே திராட்சைக்கும் பந்தல் போடுகிறார்கள். முதன்முதல் பார்த்தபோது அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. இவ்வளவு தூரம் பறந்து வந்தது புடலங்காய் பிடுங்கவா என்று சிவரூபனைக் கேட்டாள். அவன் அந்தப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்து, அவளைக் கூப்பிட்டு எடுத்திருந்தான்.

பழம் பிடுங்கும் கூலியாகத்தான் சில்வானோவின் தோட்டத்துக்குள் போனாள். சில்வானோ, அவருடைய மகன் மத்தேயோ, மகள் எலிசா என்று ஒரு குடும்பம் நடத்திய தோட்டம் அது. மூன்று தலைமுறையாக அவர்களே பிடுங்கி, அவர்களே பிழிந்து, அவர்களே போத்தலில் அடைத்து விற்றார்கள். கஜந்தி பந்தலுக்குக் கீழிருந்து பிழியும் கொட்டகைக்குப் போனாள். கொட்டகையிலிருந்து, வருகிறவர்களுக்கு வைனை ஊற்றிக்கொடுத்து விற்கும் மேசைக்கு வந்தாள். அவளுடைய மூக்கு பொய் சொல்வதில்லை என்பதை எல்லாரும் கண்டுகொண்டார்கள். பீப்பாய் எதையும் அவள் முகர்ந்து பார்க்காமல் சில்வானோ திறப்பதில்லை என்று ஆயிற்று.

குன்றின் இடுப்பில் எரிமலைக் கருங்கல் நிலம் ஒரு துண்டு கிடந்தது. கல்வரம்புகள் இடிந்து, கொடிகள் பாதி பட்டுப்போய்விட்டன. அதைப் பிடுங்கி எறியப்போகிறேன் என்று சில்வானோ ஒருநாள் சொன்னார்.

"எறியிறதெண்டால் எனக்குத் தாங்கோ" என்றாள் கஜந்தி.

"எடு" என்றார் கிழவர், விளையாட்டாக.

அவள் விளையாட்டாகக் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சிவரூபனைக் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு கல்லாக எடுத்து வரம்பு கட்டினாள். குளிரில் விரல் வெடித்தது. சிவரூபன் ஏசிக்கொண்டே கல்லைத் தூக்கினான். ஆனால் ஒரு ஞாயிறும் நிற்கவில்லை. கொடிகள் திரும்பி வந்து காய்த்தபோது, அந்தக் குன்றிலேயே நல்ல பழம் அந்தத் துண்டில்தான் இருந்தது. சில்வானோ நல்ல மேற்சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு அவளை நொத்தாரிசிடம் அழைத்துப் போய், காணியை அவள் பெயருக்கு எழுதிவைத்தார். அன்று காரை ஓட்டியவன் மத்தேயோ. வழி முழுவதும் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை.

பிறகு கஜந்தியும் சிவரூபனும் ஊருக்குத் திரும்பி, உட்துறைமுக வீதியில் கடலைப் பார்த்தபடி விருந்தினர் விடுதி ஒன்றைத் தொடங்கினார்கள். முற்றத்து மூலையில் சிவரூபன் வள்ளத்து இயந்திரம் திருத்தும் சிறு பட்டறை ஒன்றும் வைத்துக்கொண்டான். காணியின் பழம் வழக்கம்போலச் சில்வானோவின் கொட்டகைக்கே போனது. போன வருடம் ஆவணியில், அறுவடைக்குச் சற்று முன்பு சில்வானோ இறந்துபோனார். கஜந்தி ஓடிப்போய்ச் சில நாட்கள் நின்றுவிட்டு வந்தாள்.

மத்தேயோ மத்தியானம் போல வந்து இறங்கினான். ஆள் மெலிந்திருந்தான். நாற்பத்தைந்து வயதுக்காரன் ஐம்பத்தைந்துபோல இருந்தான். பெட்டியைத் திறந்து, துணிக்குள் சுற்றியிருந்த நான்கு போத்தல்களை எடுத்து மேசையில் வைத்தான்.

"இது போன அறுவடை. சொல்லிக்கொள்ளுற மாதிரி இல்லை. வழக்கத்தை விடக்கூடாதெண்டு கொண்டு வந்தனான்."

அவர்கள் கதைத்தது இத்தாலிய மொழியில். ஆனால் கஜந்தியின் காதுக்குள் அது எப்போதும் திருகோணமலைத் தமிழாகத்தான் விழும். அவள் பதிலும் அப்படித்தான் உள்ளே பிறக்கும்.

அவள் போத்தல்களைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாள். மத்தேயோ சோற்றை அளைந்தான். தேநீர் குடித்தான். பிறகு வெளிவிறாந்தையில் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, வந்த விஷயத்தைச் சொன்னான்.

பெரிய கம்பெனி ஒன்று குன்றை முழுதாகக் கேட்கிறது. எலிசா பொலோஞ்ஞாவில் வைத்தியராக இருக்கிறாள். அவளுக்குத் தோட்டத்தில் அக்கறை இல்லை, சம்மதம் என்றுவிட்டாள். கஜந்தியின் துண்டு நடுவில் கிடக்கிறது. உழவு இயந்திரம் மேலே ஏறும் பாதையும் அதற்குள்ளால்தான் போகிறது. அது இல்லாமல் கம்பெனி வாங்காது.

"நல்ல விலை தருவினம். உங்களுக்குக் குறைய வராமல் நான் பாத்துக்கொள்ளுவன்" என்றான்.

"நான் விக்கேல்ல, மத்தேயோ."

யோசிக்க நேரம் கேட்பாள், விலையைக் கேட்பாள் என்று நினைத்து வந்தவன் அவளையே பார்த்தான்.

கஜந்திக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. ஊருக்குப் பக்கத்தில் அன்புவழிபுரத்தில் அவளுடைய அப்பா வாங்கிய காணியை, சண்டைக் காலத்தில் விட்டுவிட்டு ஓடி, வருடக்கணக்கில் கழித்துத் திரும்பி வந்தபோது, வேலி இருந்த இடமே தெரியவில்லை. அப்பா கந்தோர் கந்தோராக ஏறி இறங்கி அதை மீட்டார். அவர் அந்த நேரம் அடிக்கடி சொன்னது ஒன்றுதான்: ஓடினோம், ஆனால் ஒரு இடத்திலும் கையெழுத்து வைக்கவில்லை. தன் கையால் கல் அடுக்கிய காணிக்கு அவள் மட்டும் எப்படிக் கையெழுத்து வைப்பாள்?

"உங்களுக்கு லேசு" என்றான் மத்தேயோ. குரல் உயரவில்லை. "இஞ்ச துறைமுகத்தைப் பாத்துக்கொண்டு இருந்து, விக்கேல்ல எண்டு சொல்லலாம். காலமை எழும்பினால் அந்தக் குன்று என்னைத்தான் பாக்குது. ரெண்டு வருஷம் ஆலங்கட்டி மழை. வேலைக்கு ஆள் இல்லை. அப்பா இருந்த மட்டும் நான் செய்த ஒண்டையும் நல்லதெண்டு சொன்னதில்லை. நீங்கள் நல்ல நேரம் பாத்து வெளிக்கிட்டிட்டீங்கள். நான் எங்க போறது?"

கஜந்திக்கு அது சுட்டது. அதில் பொய் இல்லை. சில்வானோ அவளுடைய மூக்கைக் கொண்டாடிய அளவுக்குத் தன் மகனின் எதையும் கொண்டாடவில்லை. மத்தேயோ விலைச்சிட்டை எழுதவும் பாரவண்டி ஓட்டவும்தான் சரி என்று கிழவர் எல்லாருக்கும் முன்னால் சொல்லுவார். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

"நீங்கள் சொல்லுறது சரி. ஆனாலும் என்ர துண்டை விக்க ஏலாது" என்றாள்.

அவன் எழுந்து அறைக்குள் போய்விட்டான்.

மறுநாள் காலையில் அபூதாஹிர் மீன் கொண்டுவந்தார். இறக்கக்கண்டியில் கரைவலை வைத்திருப்பவர். விடுதி தொடங்கிய நாளிலிருந்து கஜந்திக்கு மீன் தருபவர். மத்தேயோ முகம் கழுவாமல் படியில் குந்தியிருப்பதைக் கண்டார்.

"ஆரு தங்கச்சி இந்த வெள்ளைக்காரன்? வருத்தக்காரன் மாதிரி இருக்கிறார்."

"அங்க நான் வேலை செய்த தோட்டத்து முதலாளி, நானா. என்னோட கோவம்."

"கோவமெண்டால் இப்பிடி இருக்கப்படாது. கேளுங்க, வலை இழுக்க வருவாரோ? இண்டைக்கு எங்கட ஆள் ரெண்டு பேர் இல்லை."

கஜந்தி பகிடியாகத்தான் மொழிபெயர்த்தாள். மத்தேயோ எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு, அபூதாஹிரின் மோட்டார் சைக்கிளில் மீன்பெட்டிக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டான். அவளோடு ஒரே வீட்டில் இருப்பதைவிட எதுவும் நல்லது என்று அவனுக்குத் தோன்றியிருக்கவேண்டும்.

அவன் போனபிறகு கஜந்தி மத்தியானச் சமையலுக்கு ஆயத்தம் செய்தாள். அபூதாஹிர் தந்த விளைமீனை உப்பும் தேசிக்காய்ப் புளியும் பூசி வைத்தாள். கூட எதை ஊற்றுவது என்று பார்க்க, மத்தேயோவின் போத்தல் ஒன்றைத் திறந்து ஒரு வாய் குடித்தாள்.

கிளாசை மேசையில் வைத்தாள். திரும்ப எடுத்து முகர்ந்தாள். இன்னொரு வாய் குடித்தாள்.

முதலில் வந்தது வெள்ளைப் பூ ஒன்றின் மணம். பிறகு நல்ல உறுத்தலான புளிப்பு. அதற்குப் பின்னால் கல்லை நனைத்த தண்ணீர்போல ஒரு குளிர்மை. விழுங்கிய பிறகு நாக்கின் அடியில், வாதுமைக் கொட்டையை உடைத்து மென்றால் வருமே, அந்த மெல்லிய கசப்பு. அது போகாமல் நின்றது. அந்தக் குன்றின் வைன் எப்படி இருக்கவேண்டும் என்று சில்வானோ ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாரோ, அது இந்தப் போத்தலுக்குள் இருந்தது. அவருடைய நல்ல வருடங்களில்கூட இவ்வளவு தெளிவாக வந்ததில்லை.

"இஞ்ச வாங்கோ" என்று சிவரூபனைக் கூப்பிட்டாள். "இதைக் குடிச்சுப் பாருங்கோ."

அவன் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு வந்து குடித்தான். "இது கிழவன்ர தானே?"

"இல்லை. மத்தேயோ தனிய நிண்டு செய்தது."

சிவரூபன் கிளாசைப் பார்த்தான். "அவருக்குத் தெரியுமோ?"

"தெரியாது" என்றாள் கஜந்தி. "சொல்லிக்கொள்ளுற மாதிரி இல்லையெண்டு சொல்லித்தான் தந்தவர்."

நேற்று அவளிடம் மறுப்பு மட்டும்தான் இருந்தது. இப்போது அவளிடம் ஒரு காரணமும் இருந்தது. அவள் அடுப்பைக் கூட்டி, மீனைத் தணலில் போட்டாள்.

மத்தேயோ திரும்பி வந்தபோது மூக்கும் கழுத்தும் சிவந்து, காற்சட்டை முழங்கால்வரை ஈரமாக இருந்தது. உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம். ஆனால் கண் தெளிந்திருந்தது. ஒரு பையில் அவனுடைய பங்கு மீன் இருந்தது.

"எனக்கும் பங்கு தந்தவர்" என்றான், நம்பமுடியாதவன்போல. "வலைக்கு ஒரு பங்கு, தோணிக்கு ஒரு பங்கு, இழுத்த ஒவ்வொருத்தருக்கும் ஒரு பங்கு. கணக்குப் பாக்க ஒரு ஆளும் இல்லை. எல்லாருக்கும் தெரியுது."

"அதுதான் இஞ்சத்தை முறை. கையைக் கழுவிப்போட்டு வந்து இருங்கோ."

விடுதியின் கண்ணாடிக் கிளாசுகள் எல்லாம் காலைச் சாப்பாட்டு மேசையிலிருந்து கழுவப்படாமல் கிடந்தன. கஜந்தி குளிர்ந்த வைனை எவர்சில்வர் மூக்குப்பேணியில் ஊற்றி வைத்தாள். மத்தேயோ பசியோடு இருந்தான். மீனைக் கையால் பிய்த்துத் தின்றான். தேங்காய்ச் சம்பலைத் தொட்டுத் தின்றான். பேணியை எடுத்து ஒரு மிடறு குடித்தான். இன்னொரு மிடறு குடித்தான். மெல்லுவதை நிறுத்தினான்.

"அப்பான்ர போத்தல் ஒண்டு வைச்சிருந்தனீங்களோ?"

கஜந்தி அவனைச் சோதிக்கவென்று எதுவும் செய்யவில்லை. சாப்பிட்டு முடித்தபிறகு நேராகச் சொல்லத்தான் இருந்தாள். ஆனால் அவனே கேட்டுவிட்டான்.

"இல்லை. இது நேற்று நீங்கள் கொண்டு வந்தது."

அவன் பேணிக்குள் பார்த்தான். எழுந்து போய்க் குசினி மேசையில் நின்ற போத்தலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தான். திரும்பி வந்து உட்கார்ந்தான்.

"பசியில குடிச்சால் எல்லாம் நல்லாத்தான் இருக்கும்."

"நான் பசியில்லாமல் குடிச்சனான்" என்றாள் கஜந்தி. "இவரும் குடிச்சவர். கேளுங்கோ."

"கிழவன்ர எண்டுதான் நானும் சொன்னனான்" என்றான் சிவரூபன், முள்ளை எடுத்தபடி.

துறைமுகத்தில் கடற்படைப் படகு ஒன்று வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டு போனது. மத்தேயோ அதைப் பார்க்கவில்லை. கண்ணில் நீர் நின்றது, துடைக்கவும் இல்லை.

"எப்பிடிச் செய்தனீங்கள்?" என்று கஜந்தி கேட்டாள். "உங்கட அப்பா பிடுங்கிற நேரத்துக்கோ பிடுங்கினது?"

"இல்லை. ஆள் கிடைக்கேல்ல. பிந்திப்போச்சு. எல்லாம் கெட்டுப்போகப்போகுது எண்டு நினைச்சன். பிறகு பீப்பாயில விட்டாப்போல எனக்குப் பயம். அப்பா எண்டால் கிளறுவார், மாத்துவார். நான் தொடவே இல்லை. அடிமண்டியோட அப்பிடியே கிடந்தது, மாசிக்கடைசி மட்டும்."

"பயப்பட வேண்டிய இடத்தில சரியாப் பயந்திருக்கிறீங்கள்" என்றாள் கஜந்தி.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நேற்று வந்ததிலிருந்து அவன் சிரித்தது அதுதான் முதல்.

கஜந்தி அந்த இடத்தில் நிறுத்தவில்லை. இரும்பு சூடாக இருக்கும்போதே அடிக்கவேண்டும் என்பது சிவரூபனின் பட்டறையில் அவளுக்குப் பழகிய காரியம். கையைக் கழுவிக்கொண்டு வந்து அவனுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"இப்ப நான் சொல்லுறதைக் கேளுங்கோ. இஞ்ச வாடைக்காத்து தொடங்க வெள்ளையள் வாறது நிண்டிடும். அந்த நேரம்தான் அங்க பழம் பிடுங்கிறது. தைமாதம் கொடி வெட்டுறது. அப்பவும் எனக்கு இஞ்ச வேலை இல்லை. ரெண்டுக்கும் நான் வாறன். கூலிக்கு இல்லை. பங்குக்கு. இண்டைக்கு வலையில பாத்தீங்கள்தானே, அப்பிடி. காணிக்கு ஒரு பங்கு, அது உங்களுக்கும் எலிசாவுக்கும். என்ர துண்டுக்கு ஒரு பங்கு எனக்கு. வேலைக்கு ஒரு பங்கு, ஆர் செய்யினமோ அவைக்கு."

"எலிசா ஒத்துக்கொள்ளமாட்டாள்."

"கேக்காமல் எப்பிடித் தெரியும்?"

"கம்பெனிக்காரர் அடுத்த வருஷம் இந்த விலை தரமாட்டினம்."

"இந்த வைனைக் குடிச்சால் இன்னும் கூடத் தருவினம்" என்றாள் கஜந்தி. "அப்பவும் விக்கவேணும் போல இருந்தால், என்னட்டை வந்து கேளுங்கோ. நான் அப்பவும் இல்லையெண்டுதான் சொல்லுவன். அது வேற கதை."

சிவரூபன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான்.

"இன்னுமொண்டு இருக்கு" என்றாள் அவள். "போத்தலில அப்பான்ர பேர் இருக்கட்டும். ஆனால் இந்த வருஷத்தையில உங்கட பேரையும் போடவேணும். செய்தவன்ர பேர் இல்லாத போத்தலை நான் மேசையில வைச்சு விக்கமாட்டன்."

மத்தேயோ அன்று பின்னேரமே தங்கைக்குத் தொலைபேசி எடுத்தான். முற்றத்தில் நடந்துகொண்டே கதைத்தான். எலிசா முதலில் ஏசினாள்; அது கஜந்திக்கே கேட்டது. பிறகு மத்தேயோ அதிகம் கதைத்தான், அவள் கேட்டாள். கடைசியில் அவன் கைப்பேசியைக் கஜந்தியிடம் நீட்டினான்.

"கஜந்தி, உண்மையைச் சொல்லுங்கோ" என்றாள் எலிசா. "அண்ணாவை ஆறுதல்படுத்தச் சொல்லுறீங்களோ, இல்லாட்டி அது உண்மையிலயே நல்லதோ?"

"ஆறுதல் சொல்லுறதெண்டால் நான் ஒரு தேத்தண்ணி போட்டுக் குடுத்திருப்பன். குன்றை விக்கவிடாமல் மறிச்சிருக்கமாட்டன்."

"ஒரு அறுவடை" என்றாள் எலிசா. "ஒண்டே ஒண்டு. அதைப் பாத்திட்டுச் சொல்லுறன்."

"ஒண்டு போதும்" என்றாள் கஜந்தி.

மத்தேயோ இன்னும் சில நாட்கள் நின்றான். கொப்புளம் ஆறுமுன்பே இன்னொரு முறை வலை இழுக்கப் போனான். அபூதாஹிர் அவனுக்குக் கயிற்றைத் தோளில் மாட்டும் விதம் காட்டிக்கொடுத்தார். உங்கள் ஊரில் என்ன பிடிக்கிறீர்கள் என்று அவர் கையால் கேட்க, மத்தேயோ கையாலேயே திராட்சைக் குலையைக் காட்டினான். "முந்திரிகைப்பழமோ" என்றார் அபூதாஹிர் கஜந்தியிடம். "பழமாக் கொண்டு வரச் சொல்லுங்க, தண்ணியா வேணாம்." போகிற அன்று காலையில் மத்தேயோ விறாந்தையில் நின்றபடியே கம்பெனிக்குத் தொலைபேசி எடுத்து, குன்று விற்பனைக்கு இல்லை என்று தன் வாயாலேயே சொன்னான். சொல்லிவிட்டு, இரண்டு துண்டு பாண் கூடுதலாகக் கேட்டுச் சாப்பிட்டான்.

புரட்டாதியில் கஜந்தி வெரோனாவில் போய் இறங்கினாள். விடுதியைச் சிவரூபனின் பொறுப்பில் விட்டுவிட்டு வந்திருந்தாள். மத்தேயோ பழைய பாரவண்டியோடு நின்றான். சப்பாத்தில் கருமண் அப்பியிருந்தது. கொஞ்சம் சதை பிடித்திருந்தான். வண்டி நெடுஞ்சாலைக்கு ஏறுமுன்பே, அந்தக் குன்றின் கார்கானெகாத் திராட்சையை எப்போது பிடுங்குவது என்று இருவருக்கும் பிடுங்குப்பாடு தொடங்கிவிட்டது. மழை வரும், இந்தக் கிழமையே பிடுங்கவேண்டும் என்றாள் அவள். இல்லை, இன்னும் இரண்டு கிழமை என்றான் அவன்.

"தோல் மெல்லிசாப் போச்செண்டால்?"

"போகாது. நான் ஒவ்வொரு நாளும் கடிச்சுப் பாக்கிறன்."

"உங்கட அப்பா இருந்திருந்தால்…"

"அப்பா இல்லை" என்றான் மத்தேயோ. "நான் இருக்கிறன். ரெண்டு கிழமை."

கஜந்தி அவனைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டு வருடத்துக்கு முன்பு இந்த மனிதன் இப்படிக் கதைத்திருக்கமாட்டான். அவளுக்கு இன்னமும் தன் மூக்கில்தான் நம்பிக்கை. ஆனாலும் வண்டி குன்றில் ஏறி, அவள் கட்டிய கல்வரம்பருகே நின்றபோது, இறங்கிப் போய்ப் பந்தலுக்குக் கீழே நின்று ஒரு பழத்தைப் பிய்த்துக் கடித்தாள். விதையை மென்றாள். இன்னொன்றைக் கடித்தாள். தோல் உறுதியாக இருந்தது, விதையில் இன்னும் பச்சைக் கசப்பு.

பின்னால் மத்தேயோ இன்னமும் இரண்டு கிழமை என்று கத்திக்கொண்டு நிற்க, கைப்பேசியில் சிவரூபன் கூப்பிட்டான். அங்கே மழை பிடித்துவிட்டதாம், அறைகள் வெறும். "போய்ச் சேந்தாச்சோ? என்ன சத்தம்? சண்டையோ?"

"ஓம். இப்பதான் தொடங்கியிருக்கு" என்றாள் கஜந்தி. பிறகு குரலைத் தாழ்த்தி, மத்தேயோவுக்குத் தமிழ் விளங்காது என்பதையும் மறந்து, சொன்னாள்: "அவர் சொல்லுறதுதான் சரிபோல கிடக்கு. ஆனால் நாளைக்குத்தான் சொல்லுவன்."